எஞ்சின் சத்தத்தில் காணாமல் போன வளைவு

ஜேம்ஸ் மேங்கோல்டின் 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' (2019) பார்த்தவர்களுக்கு அந்த இடம் மறந்திருக்காது. 1966 லெ மான்ஸ் பந்தயம். நீண்ட நேர்பாதையில் கென் மைல்ஸின் ஃபோர்டும் பாண்டினியின் ஃபெராரியும் பக்கத்துக்குப் பக்கம் ஓடுகின்றன. இரண்டு ஓட்டுநர்களும் ஒருவரையொருவர் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறார்கள். கை கியருக்குப் போகிறது. கால் இன்னும் ஆழமாக அழுந்துகிறது. எஞ்சின் அலறுகிறது. கொஞ்ச நேரத்தில் ஃபெராரியின் எஞ்சின் புகை விட்டு ஒதுங்குகிறது. ஹீரோ ஜெயித்துவிட்டார்.

சரி, ஒரு சின்னக் கேள்வி. ஆறு கிலோமீட்டர் நேர்பாதையில் அதுவரை அந்தக் கால் என்ன பண்ணிக்கொண்டிருந்தது? மணிக்கு முந்நூறு கிலோமீட்டரைத் தொடுகிற போட்டியில் யாராவது பாதி மிதியை மிச்சம் வைத்துக்கொண்டு, எதிராளி முறைத்துப் பார்த்த பிறகு மீதியை மிதிப்பார்களா? பந்தய ரசிகர்கள் இதை வைத்து நிறையவே கிண்டல் செய்தாகிவிட்டது. நான் கிண்டலோடு நிறுத்திக்கொள்ள விரும்பவில்லை. இது ஒரு படத்தின் பிழை மட்டும் இல்லை. கார் பந்தயத்தைக் கதையாகச் சொல்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற தப்பு. வேகம் என்பது எஞ்சினுக்குள் இருக்கிறது, தைரியசாலி அதைக் காலால் வெளியே எடுக்கிறான் என்கிற புராணம். பழைய தமிழ்ப்படத்தில் அடிவாங்கிக்கொண்டே இருக்கும் நாயகன் உதட்டோர ரத்தத்தைத் துடைத்தவுடன் பலம் வருமே, அதே கணக்கு.

அந்த ஏழு லிட்டர் ஃபோர்டின் உண்மையான தலைவலி பலம் இல்லை. பலம் ஏராளமாக இருந்தது. அவ்வளவு கனமான வண்டியை நேர்பாதையின் கடைசியில் திருப்பத்துக்காக அடக்குவதுதான் பிரச்சினை. பிரேக்குகள் தாங்கவில்லை. பந்தயத்தின் நடுவிலேயே சீக்கிரம் கழற்றி மாட்டுகிற மாதிரி பிரேக் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. படத்திலும் இது வருகிறது, ஆனால் விதிப்புத்தகத்தை வைத்து எதிரணியை மடக்குகிற காமெடியாக. திருப்பம் இருக்கிற இடத்தில் படம் கண்ணைத் திருப்பிக்கொள்கிறது.

இந்தப் புராணம் பொய் என்பதைப் பார்க்க லெ மான்ஸ் சரியான இடம் இல்லை. அங்கே எல்லாமே பிரம்மாண்டம். பார்க்க வேண்டிய இடம் பிரிட்டனில் வார இறுதிகளில் நடக்கிற பழைய கார் பந்தயங்கள். விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் 1934-ல் தொடங்கியது. அவர்கள் அகராதியில் விண்டேஜ் என்றால் 1930-க்குள் செய்த வண்டி. அதற்குப் பிறகு வந்தவற்றில் பொறுக்கியெடுத்த சிலவற்றுக்கும் இடம் உண்டு. பிரெஸ்காட்டில் மலையேற்றம், கேட்வெல் பார்க்கில், சில்வர்ஸ்டோனில் சுற்றுப்பந்தயம். சில்வர்ஸ்டோன் போர்க்காலத்து விமான ஓடுதளம். நம் சோழவரமும் அப்படித்தான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வரும்வரை மெட்ராஸ்காரர்களுக்குக் கார் பந்தயம் என்றாலே சோழவரம். பிரிட்டனின் பழைய கார் பந்தயத்துக்குப் பரிசுப் பணத்தை எண்ணி யாரும் வருவதில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டிய ஆட்கள். வண்டி அவர்கள் வயதைவிட மூத்தது. ஒரு தடவை புரண்டால் வண்டியும் போகும், ஆளும் போகலாம். பல வண்டிகளில் தலைக்கு மேலே ஒன்றுமே கிடையாது.

அங்கே ஓடுகிறவற்றில் மிகச் சிறியது, என்னைக் கேட்டால் மிக சுவாரசியமானது, ஆஸ்டின் செவன். 1922-லிருந்து 1939 வரை தயாரான மக்கள் வண்டி. 747 சிசி எஞ்சின். ஆரம்பத்தில் பத்துச் சொச்சம் குதிரைத்திறன். இன்றைக்கு நம் தெருவில் போகும் 125 சிசி பைக் இதைத் தாண்டிவிட்டது. 1930-ல் வந்த 'அல்ஸ்டர்' என்கிற பந்தய மாடலில்கூட சூப்பர்சார்ஜர் இல்லாமல் 24 குதிரைதான். எஞ்சினின் முதுகெலும்பான கிராங்க் ஷாஃப்டுக்கு இரண்டே இரண்டு பேரிங், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. ரொம்ப வேகமாகச் சுற்றினால் கிராங்க் நடுவில் கயிறு மாதிரி வளைந்து ஆடும். பிரேக்குகள் கேபிளில் வேலை செய்பவை. 'வேலை செய்பவை' என்பதை மரியாதைக்குச் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட வண்டிக்காரருக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எஞ்சினைக் கிளறுவது. சிலிண்டர் ஹெட்டை மாற்றி அழுத்தத்தைக் கூட்டலாம், இரட்டைக் கார்புரேட்டர் போடலாம், வால்வைப் பெரிதாக்கலாம், ஃப்ளைவீலைச் செதுக்கி எடை குறைக்கலாம். ஒரு குளிர்காலம் முழுக்க கராஜில் உட்கார்ந்து, கையிருப்பைக் கரைத்து, 30 குதிரையை 33 ஆக்கினார் என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதம்! கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காற்றை எதிர்த்துப் போக வேண்டிய திறன் வேகத்தின் கனமடங்காக ஏறுகிறது. அதனால் பத்து சதவீதத் திறன் உச்ச வேகத்தில் மூன்று சதவீதமாகச் சுருங்கிவிடும். 110 போன வண்டி 113 சொச்சம் போகும். நானூறு மீட்டர் நேர்பாதை ஒன்றில் இதனால் மிச்சமாவது, தாராளமாகக் கணக்குப் போட்டாலும், அரை விநாடி.

இரண்டாவது வழி, அந்த நேர்பாதைக்கு முந்தைய வளைவை வேறு மாதிரி எடுப்பது. வளைவில் டயர் தாங்கக்கூடிய வேகம் ஆரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 30 மீட்டர் ஆரத்தில் 55-ல் போக முடிகிற வண்டி, பாதையின் வெளி ஓரத்திலிருந்து தொடங்கி, உள் ஓரத்தை உரசி, மறுபடி வெளி ஓரம் வரை விரிந்து 36 மீட்டர் ஆரமாக்கிக்கொண்டால், அதே டயரில் 60-ல் போகும். பலவீனமான வண்டிக்கு இந்த ஐந்து கிலோமீட்டர் பெரிய சொத்து. தொலைத்தால் அதை மீட்டெடுக்க எஞ்சினில் தெம்பு கிடையாது. நேர்பாதையின் கடைசியில் கணக்குப் பார்த்தால் இதுவும் ஏறக்குறைய அதே அரை விநாடியை நெருங்குகிறது. ஒன்றுக்கு ஒரு குளிர்காலமும் உடையக் காத்திருக்கும் கிராங்க்கும் விலை. மற்றதற்கு விலை, பிரேக்கைக் கொஞ்சம் முன்னாலேயே முடித்துக்கொள்ளும் பொறுமை. சுற்றுக்கு எத்தனை வளைவு என்று பெருக்கிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? எஞ்சினைத்தான் கிளறுகிறார்கள். எனக்கு அது புரிகிறது. மூன்று குதிரையை நண்பர்களிடம் காட்ட முடியும், பில் இருக்கிறது. வளைவில் சம்பாதித்ததை யாரிடம் காட்டுவது?

சின்னச் சின்னத் திறன் கூட்டலை நான் மட்டம் தட்டவில்லை. அதிலும் கவித்துவம் உண்டு, ஒரே ஒரு உதாரணம் போதும். ஆஸ்டின் செவன் எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கு உள்ளிழுக்கும் வாய்கள் இரண்டுதான். இரண்டு சிலிண்டர்கள் ஒரு வாயைப் பங்கு போட்டுக்கொள்ளும், ஒன்றின் மூச்சை மற்றது திருடும். 1951-ல் காலின் சாப்மன் என்கிற இளைஞர் தன் 'லோட்டஸ் மார்க் 3' வண்டியில் அந்த வாய்க்குள் ஒரு தடுப்பை வைத்துப் பிரித்தார். நான்கும் தனித்தனியே மூச்சுவிட்டன. 750 மோட்டார் கிளப் பந்தயங்களில் அந்த வருடம் அவரைப் பிடிக்க ஆளில்லை. கிளப் என்ன செய்தது? அந்தத் தந்திரத்தையே தடை செய்தது. புதிய இரும்பு எதையும் அவர் கொண்டுவந்துவிடவில்லை, இருந்ததைச் சரியாகப் படித்தார், அவ்வளவுதான். வளைவை எடுப்பதும் இதே மாதிரியான வாசிப்புதான்.

அந்த வாசிப்பை எழுத்தில் கொண்டுவந்தவர்கள் யார்? எனக்குத் தெரிந்து மூன்று பேரை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலாமவர் பியரோ டாருஃபி. இத்தாலிக்காரர், படித்த பொறியாளர், பந்தய ஓட்டுநர். அவருடைய 'மோட்டார் பந்தயத்தின் நுட்பம்' 1950-களின் கடைசியில் வந்தது. டாருஃபி வளைவை மேலிருந்து பார்க்கிறார், பருந்து மாதிரி. ஆரங்கள், கோணங்கள், படங்கள். எங்கே பிரேக், எங்கே திருப்பு, எங்கே மிதி. அமெச்சூருக்கு இதைவிடப் பயனுள்ள புத்தகம் அந்தக் காலத்தில் இருந்திருக்க முடியாது. படிப்பதற்கும் ஒரு தனி சுகம், கணக்கு சரியாக வரும்போது கிடைக்கிற சுகம். ஆனால் அவர் வளைவில் ஈரம் இல்லை, எண்ணெய்க் கறை இல்லை, ஓட்டுகிறவனுக்கு வயிறு இல்லை. இத்தனைக்கும் அவர் ஜெயித்த 1957 மில்லே மிலியாவில்தான் டி போர்டாகோவின் ஃபெராரி டயர் வெடித்துக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. அவரும் உடன் சென்றவரும் ஒன்பது பார்வையாளர்களும் இறந்தார்கள். ஆயிரம் மைல் சாலைப் பந்தயமாக மில்லே மிலியா அத்தோடு முடிந்தது. அது நடந்த இடம் வளைவு இல்லை, நேரான சாலை.

இரண்டாமவர் என்ஸோ ஃபெராரி. ஆம், அவரேதான். எஞ்சினே தெய்வம் என்று வாழ்ந்த மனிதர், வளைவைப் பற்றிய மிக நல்ல பக்கம் ஒன்றை எழுதியிருக்கிறார் என்பது வேடிக்கை. 1962-ல் வந்த தன்வரலாற்றில் 1931-ன் ஒரு பயிற்சி ஓட்டத்தை நினைவுகூர்கிறார். ஓட்டுவது டாட்ஸியோ நுவோலாரி, பக்கத்து இருக்கையில் ஃபெராரி. முதல் வளைவிலேயே இவன் தப்புப் பண்ணிவிட்டான், பள்ளத்தில் விழப்போகிறோம் என்று ஃபெராரி உடம்பை இறுக்கிக்கொள்கிறார். விழவில்லை. நுவோலாரி எல்லோருக்கும் முன்னதாகவே வண்டியின் மூக்கை உள்பக்கம் காட்டிவிடுகிறார். நான்கு சக்கரமும் சேர்ந்து பக்கவாட்டில் வழுக்குகின்றன. வண்டி வெளியே வரும்போது நேர்பாதைக்குச் சரியாக முகம் பார்த்து நிற்கிறது. காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுக்கவே இல்லை. அடுத்தடுத்த வளைவுகளிலும் அதேதான். அந்தப் பக்கத்தில் ஃபெராரி தன் பயத்தை மறைக்கவில்லை, அதனால்தான் அது நிற்கிறது. டாருஃபியின் படத்தில் இல்லாத வயிறு இங்கே இருக்கிறது. (இதே நுவோலாரிதான் 1935-ல் நூர்பர்க்ரிங்கில், பலம் குறைந்த ஆல்ஃபாவை வைத்துக்கொண்டு ஜெர்மன் வண்டிகள் அத்தனையையும் அவர்கள் ஊரிலேயே தோற்கடித்தவர்.)

ஆனால் ஃபெராரியின் பக்கத்தில் ஓர் ஆபத்து உண்டு. படிக்கிற அமெச்சூர், 'ஓஹோ, காலை எடுக்காமல் இருப்பதுதான் ரகசியம்' என்று எடுத்துக்கொள்வார். பாதி உண்மை. வளைவின் நடுவில் பயந்து காலை எடுத்தால் வண்டியின் எடை முன்னால் சாயும், பின்சக்கரங்கள் லேசாகும், வால் சுற்றிக்கொண்டு முன்னால் வரும். ஆஸ்டின் செவனில் இது இன்னும் மோசம். பின்பக்க வில்தட்டுகள் அமைந்திருக்கிற விதத்தால், வண்டி சாயும்போது பின் அச்சே கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். ஆக, பயப்படுகிறவனை வண்டி தண்டிக்கும். பயமே இல்லாமல் அதிக வேகத்தில் நுழைந்தவனையும் தண்டிக்கும், கொஞ்சம் முன்னாடியே. நுவோலாரி காலை எடுக்காமல் இருக்க முடிந்ததற்குக் காரணம், அவர் எடுக்கத் தேவையில்லாதபடி உள்ளே நுழைந்திருந்தார். ஃபெராரிக்கு அது தெரியாமலா இருக்கும்? பயந்துபோன ஆள் எழுதும்போது நுழைவை எழுதுவதில்லை, வெளியே வந்ததைத்தான் எழுதுகிறார்.

மூன்றாமவர் டெனிஸ் ஜெங்கின்சன். குட்டையான, பெரிய தாடி வைத்த ஆங்கிலேயர், 'மோட்டார் ஸ்போர்ட்' பத்திரிகைக்காரர். 1949-ல் எரிக் ஆலிவரின் சைட்கார் பைக்கில் பயணியாக இருந்து உலக சாம்பியன் பட்டத்தில் பங்குபெற்றவர். 1955 மில்லே மிலியாவில் ஸ்டிர்லிங் மாஸ் மெர்சிடீஸ் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவர். 10 மணி 7 நிமிடம் 48 விநாடி, சராசரி மணிக்கு 157 கிலோமீட்டருக்கு மேல். சாலையின் ஒவ்வொரு வளைவையும் குறித்துவைத்த ஐந்தரை மீட்டர் நீளக் காகிதச் சுருள் ஒன்றை அலுமினியப் பெட்டிக்குள் உருட்டி உருட்டிப் படித்தார். பேச்சு கேட்காது, அதனால் கையசைவுகளில் சொன்னார். மேட்டுக்கு அந்தப் பக்கம் சாலை நேராகப் போகிறது என்று ஒரு கை சொன்னால், கண்ணுக்கே தெரியாத அந்தச் சாலையை நம்பி மாஸ் மிதித்தார். பந்தயத்தில் வேகம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நேரடியான பதிலை நான் படித்ததில்லை. முந்நூறு குதிரை எஞ்சினுக்கு ஒரு காகிதச் சுருள் வேகம் கொடுக்கிறது.

ஜெங்கின்சனின் 'தி ரேஸிங் டிரைவர்' (1958) இந்த அனுபவத்திலிருந்து வந்த புத்தகம். அவர் வளைவை மேலிருந்து பார்ப்பதில்லை, பயந்து பார்ப்பதும் இல்லை, இருக்கையிலிருந்து பார்க்கிறார். கண் எங்கே போகிறது, உடம்பு எதை முதலில் உணர்கிறது, கை எப்போது பதில் சொல்கிறது. பந்தயக்காரர்கள் இன்றும் சொல்கிற 'பத்துக்கு ஒன்பது', 'பத்துக்குப் பத்து' என்கிற அளவுகோலைப் பிரபலமாக்கியது அவர்தான். பத்துக்குப் பத்து என்பது ஆளும் வண்டியும் சேர்ந்து எட்டக்கூடிய கடைசி எல்லை. பெரிய ஓட்டுநர்கள்கூட எப்போதும் அங்கே இருப்பதில்லை.

புத்தகத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. ஜெங்கின்சனுக்கு மேதைகள்மேல் பக்தி. மாஸ், ஃபாஞ்சியோ மாதிரி ஆட்களின் உச்சத்தில்தான் ஓட்டும் கலை முழுசாகத் தெரியும் என்பது அவர் எழுத்தில் ஓடுகிற நம்பிக்கை. பலவீனமான பழைய கார்கள் இதைக் கவிழ்த்துப் போடுகின்றன. 300 போகிற வண்டியின் பத்துக்குப் பத்து, சாதாரண ஆளுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. தேடிப் போனால் திரும்பி வரமாட்டார். ஒல்லியான பழைய பாணி டயரில் ஓடும் ஆஸ்டின் செவனின் எல்லையோ, ஒரு கொண்டை ஊசி வளைவில் 50, 55-லேயே வந்துவிடுகிறது. அந்த டயர்கள் திடீரென்று கைவிடுவதில்லை, முதலில் முனகும், கொஞ்சம் வழுக்கும், பிறகுதான் விடும். நுவோலாரியின் நான்கு சக்கர வழுக்கல் இங்கே சைக்கிளைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில், மனுஷ அவகாசத்தில் நடக்கிறது. பார்க்கலாம், தப்பு பண்ணலாம், மறுபடி செய்யலாம். புரூஸ் மெக்லாரன் நியூசிலாந்தில் பதின்ம வயதில் கற்றுக்கொண்டது ஓர் ஆஸ்டின் செவன் அல்ஸ்டரில்தான். ஓட்டுகிறவருக்கு எல்லையைத் தொட்டுப் பார்க்கிற வாய்ப்பைத் தருவது எஞ்சினின் ஏழ்மை. கராஜில் ஏற்றுகிற ஒவ்வொரு குதிரையும் அந்த எல்லையை அவரிடமிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிவைக்கிறது. மேதைகளைப் பக்கத்தில் வைத்து எழுதிய ஜெங்கின்சனுக்கு இந்த அமெச்சூர் ஏன் கண்ணில் படவில்லை என்பது எனக்குப் புரியவில்லை, அவர் வேலை பார்த்த பத்திரிகை விண்டேஜ் வண்டிகளைக் கொண்டாடிய பத்திரிகை.

சினிமாவுக்கு இந்த மூவரில் ஒருவர்கூடச் சரியாகப் போய்ச் சேரவில்லை. குளோட் லெலூஷ் 1976-ல் எடுத்த 'ரான்டேவூ' குறும்படத்தைப் பாருங்கள். விடிகாலைப் பாரிஸில் ஒரே ஷாட்டில் எட்டு நிமிடச் சொச்சம் கண்மூடித்தனமான ஓட்டம். கேட்பது ஃபெராரியின் கதறல். ஓடியது லெலூஷின் மெர்சிடீஸ், ஃபெராரி சத்தம் பின்னால் சேர்த்தது! படம் உண்மையாகவே ஆபத்தானது, சாலை உண்மை, சிவப்பு விளக்கு உண்மை. இருந்தும் சத்தம் இல்லாமல் நாம் நம்பமாட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, நாம் நம்பியிருக்கமாட்டோம்தான்.

பழைய கார்களை வைத்து எடுத்ததில் எனக்குப் பிடித்தது ஹென்றி கார்னீலியஸின் 'ஜெனிவீவ்' (1953). 1904-ம் வருடத்து டராக் ஒன்றும் 1905-ம் வருடத்து ஸ்பைக்கர் ஒன்றும் பிரைட்டனிலிருந்து லண்டனுக்குப் பந்தயம் கட்டித் திரும்புகின்றன. நகைச்சுவைப் படம், கணவன் மனைவி சண்டைதான் பாதி. ஓட்டும் நுட்பம் எதுவும் இதில் எதிர்பார்க்க வேண்டாம், கதாநாயகன் ஜான் கிரெக்சனுக்குக் கார் ஓட்டவே தெரியாதாம். ஆனால் முடிவு எவ்வளவு சரி பாருங்கள். ஸ்பைக்கரின் சக்கரம் டிராம் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டு எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது. டராக் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்குச் சில அடி முன்னால் உயிரை விட்டு நிற்கிறது. பிரேக் விலகி, தானாக மெல்ல உருண்டு பாலத்தைத் தொட்டு ஜெயிக்கிறது. எஞ்சின் ஓடவில்லை. கார் பந்தயப் படங்களிலேயே குதிரைத்திறன் பூஜ்யமாக இருக்கும்போது வெற்றி வருகிற படம் வேறு ஏதாவது இருக்கிறதா?

வளைவை இன்று யார் காட்டுகிறார்கள் என்றால், ஓட்டுநரின் தோளுக்குப் பின்னால் சின்ன கேமராவை மாட்டிக்கொண்டு ஓடும் இந்த அமெச்சூர்கள்தான். எடிட்டிங் கிடையாது, இசை கிடையாது, பார்வைப் பரிமாற்றம் கிடையாது. பிரெஸ்காட் மலையேற்றம் ஒன்றைத் தேடிப் பாருங்கள், ஒரு நிமிடத்துச் சொச்சம்தான் வரும். முதல் தடவை சத்தத்தோடு பாருங்கள், சுகமாக இருக்கும். இரண்டாம் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுக் கைகளை மட்டும் பாருங்கள். பெரும்பாலான கைகள் வண்டி வழுக்கிய பிறகு ஓடிப்போய்ப் பிடிக்கும், பிடித்ததைவிட அதிகமாகத் திருப்பும், பிறகு அதைச் சரிசெய்யும். எப்போதாவது ஒருவர் வருவார். வழுக்கல் தொடங்குவதற்கு ஒரு கணம் முன்னாலேயே அவர் கை கொஞ்சம் தளர்ந்து, ஸ்டீயரிங் தானாகத் திரும்பிவர இடம் கொடுத்திருக்கும். அதற்குப் பிறகு அந்தக் கை கிட்டத்தட்ட அசையாது, வண்டி வளைவின் வெளி ஓரப் புல்லைத் தொட்டும் தொடாமலும் நேராகும்வரை.